லொறி ஆடினால் முதலில் யாருக்குத் தெரியும்?

(ஈச்சிலம்பற்றில் நடந்த எமது சங்கத்தின் இரண்டு நாள் வதிவிடப் பயிற்சியில், வேலைத்தளப் பாதுகாப்பு அமர்வில் ஆற்றிய உரை. உரையாற்றியவர் தோட்டப் பாடசாலை ஆசிரியை, சங்கத்தின் அமைப்பாளர்.)



சம்பளத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் எனக்கு வேலை இலகு. நீங்களே பாதியைப் பேசி முடித்துவிடுவீர்கள். இன்றைக்கு எனக்குத் தந்த தலைப்பு வேறு. லொறிக்கு அடியில், சில்லுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நிற்கும். அதற்கு ஷொக் அப்சோபர் என்று பெயர். கராஜில் சுருக்கமாக ஷொக் என்பார்கள். அது பழுதானால் நமக்கு எப்படித் தெரியும், தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கதைக்கப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். டீச்சருக்கு லொறிக்கு அடியில் என்ன வேலை என்று நினைக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் இருக்கும் தோட்டத்தில் கீழ் டிவிசனில் கொழுந்து குறைந்திருந்தது. பிரட்டுக்களத்தில் பேர் போட்டு, முப்பது பேருக்கு மேலே லொறியில் ஏற்றி மேல் மலைக்கு அனுப்பினார்கள். எல்லோரும் நின்றுகொண்டுதான் போனார்கள். ஒரு வளைவில் பள்ளம். லொறியின் பின்பக்கம் தூக்கிப் போட்டது. அது அடங்குவதற்குள் அடுத்த பள்ளம். இன்னும் பலமாகத் தூக்கிப் போட்டது. பின்பலகைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா வெளியே விழுந்தார். லொறி கவிழவில்லை. எதிலும் மோதவில்லை. ஆனால் அக்காவின் தோள் எலும்பு முறிந்தது.

அடுத்த நாள் எழுதி வைத்திருந்த குறிப்பில் ஒரே ஒரு வரி. கம்பியைப் பிடிக்காமல் நின்றதால் விழுந்தார் என்று.

அன்று மாலை சங்கத்தின் சார்பில் நான் லயத்துக்குப் போய் ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். "டீச்சர், அந்த லொறி ரெண்டு மாசமா தொட்டில் மாதிரி ஆடுது." அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள், தொட்டில் லொறி என்று. டிரைவர் அண்ணனைக் கேட்டேன். அவரும் இரண்டு தடவை வாயால் சொல்லியிருக்கிறார். மெதுவாக ஓட்டு என்பதுதான் கிடைத்த பதில். பிறகு எங்கள் லயத்தில் இருக்கிற, கராஜில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, லொறி நிற்கும் இடத்துக்குப் போய் டோர்ச் அடித்துப் பார்த்தார். பின்பக்கம் இடது ஷொக்கின் கீழ் முனை போல்ட்டிலிருந்து கழன்று போயிருந்தது. கம்பியால் மேலே கட்டி வைத்திருந்தார்கள். வலது ஷொக் முழுக்க ஒயிலும் புழுதியும். தாத்தா சொன்னார்: "இது ஷொக் இல்லம்மா, சும்மா தொங்குற இரும்பு."

தோழர்களே, ஷொக் இல்லாததால்தான் அக்கா விழுந்தார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பள்ளமும் காரணம். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதும் காரணம். உட்கார இடமில்லாமல் நிற்க வைத்ததும் காரணம். ஆனால் ஒன்று நிச்சயம். அந்தக் குறிப்பில் அக்காவின் கை மட்டும்தான் குற்றவாளி. லொறியின் பெயரே அதில் இல்லை. லொறி ஆடுகிறது என்று முப்பது பேருக்கு இரண்டு மாதமாகத் தெரியும். ஒரு துண்டுக் கடதாசியில்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. நான் உட்பட.

அதனால்தான் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்.

இதை ஏன் ஈச்சிலம்பற்றில் வைத்துக் கதைக்கிறோம்? இங்கே நெல் வெட்டுக்கும் களை பிடுங்கவும் போகிற உறவுகளும் நம்மைப் போலத்தான் லொறியிலும் டிரக்டர் பெட்டியிலும் போகிறார்கள். இந்தப் பக்கத்து ரோட்டுகளின் கதையும் எல்லோருக்கும் தெரியும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரைக்கும், திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாக இங்கே வருவதென்றால் ஆற்றுக்கு ஆறு பாதையில் ஏறி இறங்க வேண்டும். இப்போது பெரிய ரோட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் வயலுக்குப் போகிற உள் ரோட்டு இன்னும் கிறவல்தான். கிறவல் ரோட்டில் தகரக் கூரை மாதிரி வரி வரியாக மேடு விழுந்திருக்குமே, அது ஷொக்குக்குப் பெரிய எதிரி. எங்கள் மலை ரோட்டில் கல்லும் பள்ளமும். உங்கள் ரோட்டில் கிறவல் வரி. இரண்டு இடத்திலும் அடி வாங்குவது அதே ஷொக், அதே இடுப்பு.

இனி, ஷொக் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒரு சின்னப் பரிசோதனை காட்டுவேன். ஒரு ரப்பர் பட்டியில் கல்லைக் கட்டித் தொங்க விடுவேன். கீழே இழுத்து விட்டால் கல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் எண்ணுவார்கள். பத்து, பதினைந்து, இருபது என்று போகும். பிறகு அதே கல்லை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்க விட்டு இழுத்து விடுவேன். ஒரு தடவை, இரண்டு தடவை, அவ்வளவுதான். நின்றுவிடும். ரப்பர் மாறவில்லை. கல் மாறவில்லை. தண்ணீர்தான் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

லொறியில் அந்த ரப்பர்தான் ஸ்பிரிங். நம்முடைய லொறிகளில் இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பாரத்தைத் தாங்குவதும் பள்ளத்தின் அடியை வாங்குவதும் அதன் வேலை. ஆனால் வாங்கிய அடியை அது திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் லொறி துள்ளுகிறது. வாளித் தண்ணீரின் வேலையைச் செய்வது ஷொக். அந்தக் குழாய்க்குள்ளே ஒயில் இருக்கிறது. ஒரு தண்டும், அதன் முனையில் சின்னச் சின்ன ஓட்டை உள்ள ஒரு பிஸ்டனும் இருக்கின்றன. சில்லு மேலே போகும்போதும் கீழே வரும்போதும் ஒயில் அந்த ஓட்டைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கத்தில் துள்ளல் அடங்கி வெப்பமாக மாறுகிறது. வேலை செய்கிற ஷொக் சூடாகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

"ஷொக் போனால் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதானே, நமக்கென்ன பஞ்சு மெத்தையா கேட்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ஷொக்கின் முக்கியமான வேலை சில்லைத் தரையில் பிடித்து வைப்பது. டயர் தரையை அழுத்திக்கொண்டிருந்தால்தான் பிரேக் பிடிக்கும், ஸ்டியரிங் திரும்பும். டயர் துள்ளிக்கொண்டிருந்தால் பிரேக் எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை. காற்றில் இருக்கிற சில்லை நிறுத்தி என்ன செய்வது?

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல இறக்கத்தில் பஸ்ஸும் வேனும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். நம்முடைய மக்கள் அதை மறக்கவில்லை. அந்த விபத்துக்கு ஷொக் காரணம் என்று நான் சொல்லவே இல்லை. நான் சொல்ல வருவது நம்முடைய பழக்கத்தை. எந்த இறக்கத்தில் எந்த விபத்து நடந்தாலும், மறுநாள் எல்லோரும் கேட்பது பிரேக் பிடித்ததா என்று. பிரேக் பிடிக்க வேண்டுமென்றால் டயர் தரையில் இருந்ததா, டயரைத் தரையில் வைக்கிற ஷொக் நல்லா இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்கப் பழக வேண்டும். அதுவும் விபத்துக்கு முன்னால் கேட்க வேண்டும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று இடத்தில் நின்று பார்க்கலாம். லொறிக்கு மேலே, லொறிக்குப் பக்கத்தில், டிரைவர் இருக்கையில்.

முதலாவது, லொறிக்கு மேலே. இது நம்முடைய இடம். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு எண்ணுங்கள். நல்ல ஷொக் என்றால் லொறி ஒரு தடவை எழும்பி, இறங்கி, அடங்கிவிடும். பள்ளம் முடிந்து சமமான இடத்துக்கு வந்த பிறகும் மூன்று, நான்கு என்று ஆட்டம் தொடர்ந்தால் ஷொக் தளர்ந்துவிட்டது. வளைவில் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்ந்து, நேராக வந்த பிறகும் மறுபக்கம் ஒருமுறை சாய்ந்து வந்தால் அதுவும் அடையாளம். ஆள் குறைவாகப் போகும்போது கிறவலில் பின்பக்கம் மட்டும் பக்கவாட்டில் நழுவுகிற மாதிரி துள்ளினால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சின்னப் பள்ளத்துக்கும் ஒரே மூலையிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால், ஷொக்கின் முனையில் இருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது முனை கழன்றிருக்கலாம்.

இரண்டாவது, லொறிக்குப் பக்கத்தில். இதற்கு முன் ஒரு கண்டிப்பான பேச்சு. சமமான இடத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, சாவி டிரைவர் கையில் இருக்கும்போது மட்டும் பாருங்கள். குனிந்து பார்த்தால் போதும். யாரும் லொறிக்கு அடியில் ஊர்ந்து போகக்கூடாது. அது கராஜ் பாஸின் வேலை.

குனிந்து பார்த்தால் என்ன தெரியும்? முதலில் ஒயில். ஷொக்கின் மேல் லேசாகப் புழுதி பிடித்த ஈரம் இருப்பது பெரிய பழுது அல்ல. ஆனால் மேலிருந்து கீழே ஒயில் வடிந்த கோடு இருந்தால், வெயில் நாளிலும் அதன் மேல் சேறு மாதிரி அழுக்கு ஒட்டியிருந்தால், உள்ளே இருந்த ஒயில் வெளியே வந்துகொண்டிருக்கிறது. சந்தேகம் என்றால் ஒரு பழைய துணியால் துடைத்துவிட்டு அடுத்த நாள் பாருங்கள். மறுபடியும் நனைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்தது குழாய் நசுங்கியிருக்கிறதா, தண்டு வளைந்திருக்கிறதா, முனைகளில் போல்ட் இருக்கிறதா, அதைப் பிடிக்கிற இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கம்பியால் கட்டியிருந்தால், அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு டயர். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு இடம் குழி, ஒரு இடம் மேடு, மறுபடி குழி என்று சுற்றிவர வந்தால், அந்தச் சில்லு துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. இதற்கு வேறு காரணமும் உண்டு, சில்லின் பெயாரிங் தளர்ந்தாலும் வரும். எப்படியோ, அது கராஜுக்குப் போக வேண்டிய லொறி.

சின்ன வாகனங்களுக்கு ஒரு சோதனை சொல்வார்கள். மூலையில் கையை ஊன்றி அமுக்கி விட்டுப் பார்ப்பது. லொறியில் அது சரிவராது. நம் கைப் பாரத்துக்கு லொறியின் ஸ்பிரிங் அசையாது. லொறிக்கு வேறு சோதனை இருக்கிறது. முன்னே சொன்னேனே, வேலை செய்கிற ஷொக் சூடாகும் என்று. கரடுமுரடான ரோட்டில் இருபது நிமிடம் ஓடி வந்து நிறுத்திய உடனே, டிரைவரோ மெக்கானிக்கோ இடது ஷொக்கையும் வலது ஷொக்கையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. இரண்டும் குளிர்ந்திருந்தால் இரண்டையும் சந்தேகிக்கலாம். கவனம், பக்கத்தில் இருக்கிற பிரேக் டிரம்மும் புகைக் குழாயும் கையைச் சுட்டுவிடும். தெரியாதவர்கள் தொடக்கூடாது.

மூன்றாவது, டிரைவர் இருக்கை. பிரேக் பிடிக்கும்போது லொறியின் மூக்கு அளவுக்கு மேல் குனிகிறதா? ஸ்டியரிங் கையில் நடுங்குகிறதா? நேர் ரோட்டிலும் அடிக்கடி திருத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? இதை டிரைவர் அண்ணனிடம் கேளுங்கள். ஆனால் ஒன்று. ஷொக் ஒரே நாளில் சாவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தினமும் ஓட்டுகிறவருக்கு அது பழகிவிடும். அவருக்கு இருக்கை இருக்கிறது, பிடிக்க ஸ்டியரிங் இருக்கிறது. பின்னால் பலகையில் நிற்கிற நமக்கு எதுவும் இல்லை. அதனால் முதலில் தெரிவது நமக்குத்தான். நம்முடைய முழங்காலும் இடுப்பும்தான் இந்த நாட்டிலேயே மலிவான சோதனைக் கருவி.

சில குழப்பங்களையும் தீர்த்துவிடுகிறேன்.

லொறி சும்மா நிற்கும்போதே ஒரு பக்கம் சரிந்து நின்றால், அது ஷொக் பழுது அல்ல. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். பட்டை உடைந்திருக்கலாம், தளர்ந்திருக்கலாம். அதுவும் ஆபத்துதான், ஆனால் எழுதும்போது சரியாக எழுத வேண்டும். தவறாக எழுதினால், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று கடதாசியைத் தள்ளி வைத்துவிடுவார்கள்.

லொறி ஆடுகிறது என்று சொன்னால், சில இடங்களில் ஸ்பிரிங்குக்கு இன்னொரு பட்டை கூட்டிப் போடுவார்கள். பாரம் கூட்டி ஏற்றுவதற்கு அது உதவலாம். ஆட்டத்துக்கு மருந்து அதுவல்ல. ஸ்பிரிங் பலமானால் திருப்பிக் கொடுக்கிற உதையும் பலமாகும், செத்துப்போன ஷொக் அதை எப்படி அடக்கும்?

எல்லா லொறியிலும் நான்கு மூலைக்கும் ஷொக் இருக்காது. சில பழைய பெரிய லொறிகளில் முன்பக்கம் மட்டும்தான் இருக்கும். பின்னால் தடித்த பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஓரளவு ஆட்டம் அடங்கும். ஆகவே நம் தோட்டத்து லொறியில் எங்கெங்கே ஷொக் இருக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லாவிட்டால்தான் பிழை.

ஈச்சிலம்பற்று உறவுகள் காலையில் கேட்டார்கள், எங்கள் டிரக்டர் பெட்டியில் ஷொக் எங்கே இருக்கிறது என்று. பெரும்பாலான பெட்டிகளில் ஷொக்கும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. அச்சு நேராகப் பெட்டியில் பூட்டியிருக்கும். அது நெல்லுக்கும் உரத்துக்கும் செய்தது, மனிசருக்குச் செய்ததில்லை. அதில் ஆள் ஏற்றக்கூடாது என்பதுதான் நம்முடைய நிலைப்பாடு. வேறு வழியே இல்லை என்று ஏறுகிற நாளில், நடக்கிற வேகத்துக்கு மேல் ஓடக் கூடாது, நின்றுகொண்டு போகக் கூடாது, பெட்டியின் விளிம்பில் உட்காரக் கூடாது. வேகத்தைக் கூட்டச் சொல்லி டிரைவரைச் சத்தம் போடுகிற இளந்தாரிமாரைப் பெரியவர்கள் அடக்க வேண்டும்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். சாதாரண வாகனங்களுக்கு 80,000 கிலோமீற்றர் ஓடியதும் சோதிக்கச் சொல்வது தயாரிப்பாளர்களின் வழக்கம். அது நல்ல ரோட்டுக் கணக்கு. நம்முடைய மலை ரோட்டுக்கும் உங்கள் கிறவலுக்கும் அந்தக் கணக்கை நம்பி இருக்க முடியாது. கிறவல் வரியில் ஓயாமல் குலுங்கினால் உள்ளே ஒயில் கொதித்து நுரைத்து, அன்றைக்கே பிடிமானம் குறையும். ஆகவே கிலோமீற்றரை விட அடையாளத்தைப் பாருங்கள்.

மாற்றும்போது ஒரே அச்சில் இருக்கிற இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் லொறி ஒரு பக்கம் இழுக்கும். புஷ்ஷையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய லொறியிலிருந்து கழற்றிய ஷொக்கைப் போடுவது, வெளியே சுத்தமாகத் துடைத்து பெயின்ட் அடித்துக் காட்டுவது, இவையெல்லாம் நடக்கிற வேலைகள். பெரும்பாலான ஷொக்குகள் மூடி அடைத்தவை. ஒயில் போன பிறகு அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இனி உடம்புக் கணக்கு. தினமும் குலுங்கிப் போய் வருவது முதுகெலும்பைப் பாதிக்கும் என்று உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ஒரு பணிப்புரை கொண்டுவந்தது. வாகனங்களிலும் இயந்திரங்களிலும் வேலை செய்கிறவரின் உடம்பு எவ்வளவு குலுங்கலாம் என்று அளந்து எல்லை போட்டார்கள். எட்டு மணி நேர வேலை நாளுக்கு 0.5 என்ற அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. செக்கனுக்குச் செக்கன் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை மீற்றரில் அளக்கிற கணக்கு அது. அங்கே அவர்கள் பேசுவது பெரும்பாலும் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றி. நாம் பலகையில் நிற்கிறவர்கள். நம்மை யாரும் அளக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற தங்கச்சிமாரும் அதே பலகையில்தான் நிற்கிறார்கள். அவர்களை ஏற்றக்கூடாது, பக்கத்து மலையில் வேலை கொடுக்க வேண்டும் என்று மாதர் தலைவிகள் இப்போதே கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? லொறிக்கு வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது தகுதிச் சான்றிதழ் வேண்டும். நல்லது. ஆனால் அது ஒரு நாள் பார்த்துக் கொடுப்பது. மீதி 364 நாளும் லொறியைப் பார்க்கிறவர்கள் நாம். விபத்து நடந்தால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையின்போதும் வேலை காரணமாகவும் வரும் காயத்துக்கு நட்டஈடு கேட்கலாம். 2022இல் செய்த திருத்தத்தால் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற, வருகிற வழியில் நடக்கும் விபத்தும் சேர்ந்திருக்கிறது. ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதாது, என்ன நடந்தது என்று காட்ட வேண்டும். அக்காவின் விடயத்தில் எங்களிடம் இருந்தது வாய்ச் சாட்சி மட்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வரி எழுத்து. அந்த ஒரு வரியைத் தள்ளுவதற்கு மாதக்கணக்கில் அலைந்தோம். கடைசியில் ஒரு தொகை கிடைத்தது. அக்கா இப்போது வேலைக்கு வருகிறார். ஆனால் கூடையைத் தோளுக்குத் தூக்க அவருக்கு இன்னொருவர் வேண்டும்.

அதன் பிறகு நாங்கள் செய்தது பெரிய காரியம் இல்லை. நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்கினோம். லொறிக் கொப்பி என்று பெயர் எழுதினோம். மாதர் தலைவியின் வீட்டில் இருக்கும். திகதி, லொறி இலக்கம், எந்த ரோட்டு, எத்தனை பேர் ஏறினோம், என்ன கண்டோம், யாரிடம் சொன்னோம், என்ன பதில். அவ்வளவுதான். எழுதத் தெரியாத அம்மாமார் சொல்ல, என்னுடைய மாணவப் பிள்ளைகள் எழுதினார்கள். ஒரு பிள்ளை எழுதியிருந்தது இன்னும் நினைவிருக்கிறது: பெரிய வளைவில் லொறி ஐந்து தரம் ஆடியது, அம்மா எண்ணினார். மூன்று தடவை இப்படி எழுதிய பிறகு, பிரதியெடுத்து, தோட்டத் தலைவரின் கையொப்பத்தோடு நிர்வாகத்துக்குக் கொடுத்தோம். கிடைத்தது என்று ஒரு கையொப்பம் வாங்கினோம். இரண்டு ஷொக்கும் மாற்றினார்கள். நாங்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை, கோசம் போடவில்லை. எழுதிய கடதாசி கையில் இருக்கும்போது, நாளைக்கு ஒருவர் விழுந்தால் அந்தப் பழைய ஒரு வரியை எழுத முடியாது என்பது அவர்களுக்கும் விளங்கியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் நின்றுகொண்டுதான் போகிறோம். இருக்கை கேட்டோம், கிடைக்கவில்லை. அது அடுத்த போராட்டம்.

டிரைவர் அண்ணன்மாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களும் தொழிலாளர்தான். லொறியில் பழுது என்று சொன்னால் தங்கள் பேருக்கு வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். கொப்பியில் டிரைவரைக் குற்றம் சொல்லி எழுத வேண்டாம். லொறியைப் பற்றி எழுதுங்கள். அவர் சொல்லப் பயப்படுவதை நாம் முப்பது பேர் சேர்ந்து எழுதினால், அவருக்கும் அது பலம்.

நாளை மத்தியானம் நாம் ஊர் திரும்புகிறோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் போனவுடன் மூன்று வேலை செய்ய வேண்டும். ஒரு கொப்பி வாங்குங்கள். ஆட்களை ஏற்றுகிற லொறியில் எந்தெந்த இடத்தில் ஷொக் இருக்க வேண்டும் என்று கேட்டு முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த நாள் காலை ஏறும்போது, பள்ளத்துக்குப் பிறகு எத்தனை தரம் ஆடுகிறது என்று எண்ணி இரண்டாம் பக்கத்தில் எழுதுங்கள். கழன்று தொங்குகிற ஷொக்கைக் கண்ணால் கண்டால் எழுதிவிட்டு ஏறக்கூடாது. ஏறாமல் தலைவரைக் கூப்பிடுங்கள். ஒருவராக நின்றால் அன்றைய பேர் போய்விடும். முப்பது பேரும் சேர்ந்து நின்றால் லொறி கராஜுக்குப் போகும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பிகளைக் கொண்டு வாருங்கள். என்னுடைய பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துகிற மாதிரி, எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து வாசிக்கிறேன்.